கைக்கு எட்டுகிற உயரம்

ஜனவரி 9

மரக்கடையில் மூன்று மணி நேரம் போயிற்று. கொம்பையா ஆசாரி ஒவ்வொரு தேக்குக் கட்டையாகத் தட்டிப் பார்த்தார், தண்ணீர் தெளித்து ரேகை பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் முதலில் தட்டிய கட்டையையே எடுத்தார்.

"அப்போ இவ்வளவு நேரம் என்னத்தவே பாத்தீரு?" என்று கேட்டேன்.

"மத்ததப் பாத்தாத்தான அண்ணாச்சி இது நல்லதுன்னு தெரியும்" என்றார். மனுஷனிடம் வாய் கொடுக்க முடியாது.

முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக ஊரார் நிலத்தையெல்லாம் அளந்தவன் நான். எனக்கென்று ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்ட, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் வாய்த்திருக்கிறது. பாளையங்கோட்டைக்கு வெளியே, செவ்வந்தி நகர் இரண்டாம் தெரு. அஸ்திவாரம் முடிந்துவிட்டது. அளவுப் புத்தகம் எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் இந்த நோட்டு.

ஜனவரி 11

ஒண்டிக்கட்டைக்கு எதற்கு இவ்வளவு பெரிய சமையலறை என்று பக்கத்து மனைக்காரர் கேட்டார். "பெருசா சமைப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அதோடு சரி.

உள்ளதை இங்கே எழுதிவிடுகிறேன். மனைவி வடிவு போய் நான்கு வருஷம் ஆகிறது. மகள் சுபா கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். போன மாதம் பூரணத்திடம் கேட்டுவிட்டேன், என்னைக் கட்டிக்கொள்ள முடியுமா என்று. பூரணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல்கடை வைத்திருக்கிறாள். வடிவுக்குப் பதினெட்டு வருஷம் ஜாக்கெட் தைத்தவள். புருஷன் செத்து வெகுகாலம் ஆயிற்று, பிள்ளை கிடையாது. குளத்தடித் தெருவில் தம்பி வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். ஐம்பத்தொரு வயசு. ஆள் குட்டை, என் தோளுக்குக்கூட வரமாட்டாள். துணி வெட்டும் மேஜைக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றுதான் வெட்டுவாள்.

பேண்ட் இடுப்பைத் தளர்த்தக் கொடுக்கப் போனவன்தான். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். அவள் தையல் மிஷினை நிறுத்தினாள். பிறகு, "வீடு கட்டுதியள்லா? முடியட்டும். பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

அதுவரை என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அன்றோடு அதை விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக வேறு எதுவும் கூப்பிடவும் இல்லை. "இந்தாங்க", "கேட்டேளா" என்று மொட்டையாகப் பேசுகிறாள். எனக்கு அதுவே சந்தோஷமாக இருக்கிறது. அறுபது வயதில் வந்த கேட்டைப் பார்.

ஜனவரி 24

இன்று தலைவாசல் நிலை வைத்தோம். காலை ஏழரைக்குள் நல்ல நேரம். கொம்பையா ஆசாரி குளித்து, வேட்டி மாற்றி, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். நிலைக்கு அடியில் நவதானியமும் பொட்டுத் தங்கமும் வைத்தாயிற்று.

"மஞ்ச தேய்க்க வீட்டம்மா யாரு?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது போலிருக்கிறது, தலையைச் சொறிந்தார். இதற்காகவே ஓசூரிலிருந்து வந்திருந்த சுபா முன்னால் வந்தாள். நிலை முழுக்க மஞ்சள் தேய்த்துக் குங்குமம் வைத்தாள். சுமங்கலிகள்தான் செய்ய வேண்டும் என்று அக்கம்பக்கத்திலிருந்து இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

பூரணம் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை, எதிர்ப்பக்கம் மணல் குவியல் அருகிலேயே நின்றாள். இந்தப் பக்கம் வெயில் அடித்தது, அதனால் இருக்கும். சுபா எதற்கோ காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பூரணம் போய்விட்டாள்.

சுபாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 2

சிமெண்ட் வரவில்லை. கொத்தனாரும் வரவில்லை. நான் மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மார்ச் 6

சென்ட்ரிங் அடிக்க அந்தோணி வந்துவிட்டார். தூத்துக்குடிக்காரர், கூட ஆறு பேர். கூரைக் காங்கிரீட்டைத் தாங்குவதற்குக் கீழே பலகை அடித்து, சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்கும் வேலை. வீடு முழுக்கக் கம்பாக நிற்கிறது, நுழைய வழியில்லை.

கொம்பையா ஆசாரி ஜன்னல் அளவு பார்க்க வந்தவர், அந்தோணி ஆட்கள் ஆணி அடிப்பதைப் பார்த்து, "இவங்களும் தச்சனாம்" என்று என் காதில் சொன்னார். அவர் சொல்லுகிற சத்தத்துக்குக் காது தேவையில்லை. அந்தோணி மேலிருந்தே சிரித்தார்.

"ஆசாரி வேலைய எல்லாரும் தடவித் தடவிப் பாப்பாங்க சார். நாங்க அடிச்சத நாங்களே பிரிச்சிட்டுப் போயிருவோம். ஆனா அது கோணுச்சுன்னா ஆயுசுக்கும் உங்க தலைக்கு மேல கோணல்தான்" என்றார்.

ஒரு வீட்டுக்கு ஒரு தச்சர் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிலைக்கும் கதவுக்கும் ஒருவர், கூரைக்கு ஒருவர். அலமாரி வேலைக்கு இன்னொருவர் வருவாராம். ஒருவர் வேலை இன்னொருவருக்கு ஆகாது, ஒருவரை ஒருவர் கண்டாலும் ஆகாது.

ஏப்ரல் 4

முட்டுகளைப் பிரித்துவிட்டார்கள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. குரல் கொடுத்தால் திருப்பிக் கொடுக்கிறது.

சமையல் மேடைக்கும் அந்தோணியே பலகை அடித்தார். உயரம் எவ்வளவு என்று கேட்டார். மூணு அடி என்றேன்.

"வழக்கமா ரெண்டே முக்கால்தான் சார் அடிப்போம்."

"மூணு அடி. சொன்னதச் செய்யும்."

யோசிக்கவே இல்லை, வாயிலிருந்து தானாக வந்தது. குனியாமல் நின்று சமைத்தால்தான் இடுப்புக்கு நல்லது. குவார்ட்டர்ஸில் இருந்த பதினான்கு வருஷமும் மேடை தணிவு என்று வடிவு இடுப்பைப் பிடித்துக்கொண்டே சமைத்தாள். அந்தக் கஷ்டம் இந்த வீட்டில் யாருக்கும் வேண்டாம்.

ஏப்ரல் 19

பூரணத்தின் கடைக்குப் போனேன். பேண்டில் ஒரு பட்டன் நன்றாகத்தான் இருந்தது, நானே பிய்த்துக்கொண்டு போனேன்.

"கூர போட்டாச்சா?" என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன். "காத்து வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். பட்டனைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துக் கொடுத்தாள். அடுப்படி எப்படி வைக்கலாம், அலமாரி எங்கே வேண்டும் என்று கேட்டிருக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு ஒரேயடியாகக் காட்டினால்தான் அசந்துபோவாள் என்று விட்டுவிட்டேன்.

மே 10

பூச்சு வேலை. வாயெல்லாம் சிமெண்ட்.

ஜூன் 12

கொம்பையா ஆசாரி கதவுகளைக் கொண்டுவந்து மாட்டினார். ஒரு கதவை மாட்ட அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் ஒரு கிராமத்தையே அளந்திருப்பேன். மாட்டுகிறார், கழற்றுகிறார், இழைக்கிறார், மறுபடி மாட்டுகிறார். கடைசியில் ஒற்றை விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் போய் மூடிக்கொண்டது. அதன் பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நானும் பேசாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

சமையலறைக்குக் கிழக்கே பெரிய ஜன்னல் கேட்டிருந்தேன், தெரு தெரிகிற மாதிரி. பூஜை அலமாரிக் கதவில் வரிசையாக மணி. மணி எதற்கு என்று ஆசாரி கேட்டார். இருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் சொல்லத் தெரிந்தது.

சாயங்காலம் சுபாவுக்கு வீடியோ கால் போட்டு எல்லா அறையையும் காட்டினேன். மணியை ஆட்டிக் காட்டினேன்.

"அம்மா ஆசப்பட்ட வீடுப்பா. அப்படியே கட்டியிருக்க" என்றாள். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது.

எனக்குப் பெருமையாக இருந்தது. மகள் வாயால் பாராட்டு வாங்குவது லேசா?

ஜூலை 3

மூன்றாவது தச்சர் வந்துவிட்டார். பெயர் ராம்கேஷ். கோரக்பூர் பக்கம். இந்தி பேச வேண்டுமே என்று பயந்துகொண்டிருந்தேன். வண்டியிலிருந்து பிளைவுட்டை இறக்கிக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, கரண்டு லைன் எங்க கெடக்கு?" என்றார். ஒன்பது வருஷமாக இங்கேதான் இருக்கிறாராம். மூத்த மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க்காம்.

கொம்பையா ஆசாரிக்குப் பிளைவுட் என்றாலே இளப்பம். "மரத்தூளப் பசை போட்டு ஒட்டுத வேல" என்கிறார். ராம்கேஷ் அதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை. கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆசாரி, ஒங்க கை வரப்பிரசாதம்" என்று ஒரு போடு போட்டார். அதிலிருந்து ஆசாரி அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார்.

சமையலறையில் அளவு எடுக்க நின்றார். "மதினி எங்க அண்ணாச்சி? வரச் சொல்லுங்க" என்றார்.

"என்னத்துக்கு?"

"மேல்தட்டு ஒசரம் ஆம்பள சொல்லுத அளவு இல்ல. சமைக்கிறவங்க வந்து, கைய ஒசத்திக் காட்டணும்லா. எட்டலன்னா டெய்லி என்னையில்ல ஏசுவாங்க."

மற்ற இரண்டு தச்சர்களும் அளவெடுக்கக் கூப்பிடாத ஆளை இவர் பட்டென்று கேட்டுவிட்டார். மதினி வெளியூர் போயிருக்கிறாள் என்று ஒரு பொய் சொன்னேன். பிறகு சுவரில் கையை வைத்து, "இந்தா, இவ்வளவு" என்றேன். என் நெற்றிக்கு மேலே ஒரு சாண். ராம்கேஷ் டேப் வைத்தார். ஆறு அடி நாலு அங்குலம்.

"மதினி நல்ல ஒசரமோ!" என்றார்.

"ஆமா" என்றேன். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். நிலம் அளக்கும் சங்கிலி பிடித்து வளர்ந்த கை, குறி தப்பாது.

ஜூலை 21

மேல்தட்டு, கீழ்த்தட்டு, மசாலா டப்பாவுக்கு இழுப்பறை எல்லாம் ஆயிற்று. அங்குலம் பிசகவில்லை. பாத்திரம் இல்லாத அலமாரியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 9

நாளை பூரணம் வீடு பார்க்க வருகிறாள். சட்டையைத் தேய்த்து வைத்தாயிற்று. அந்தச் சட்டையும் அவள் தைத்ததுதான்.

ஆகஸ்ட் 10

எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது.

பத்து மணிக்கு வந்தாள். அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, படியைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே வந்தாள். கூடத்தைப் பார்த்தாள். கதவை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்துச் சிரித்தாள். பூஜை அலமாரியின் மணியைத் தொட்டாள், அது கிணுகிணுத்தது. அப்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

சமையலறைக்குப் போனாள். மேடை முன்னால் நின்று, காய் நறுக்குகிற மாதிரி கையை வைத்துப் பார்த்தாள். முழங்கை இறக்கை மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பிறகு மேல்தட்டை நோக்கிக் கையை உயர்த்தினாள். நுனிக்காலில் நின்றாள். விரல் அடிப்பலகையைக்கூடத் தொடவில்லை.

கையை இறக்கிவிட்டு அங்கேயே நின்றாள். அந்தப் பக்கம் அறையில் ராம்கேஷ் கைப்பிடி பூட்டிக்கொண்டிருந்தவர், சத்தத்தை நிறுத்திவிட்டார்.

"இது வடிவக்கா கை" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்லுத என்று கேட்டேன்.

"பதினெட்டு வருசம் நான் அளந்த கை. எனக்குத் தெரியாதா? இந்த மேடை அக்கா முழங்கை. அந்தத் தட்டு அக்கா விரல் எட்டுத எடம். தெரு தெரிய ஜன்னல் வேணும், சாமி கதவுல மணி வேணும்னு ஜாக்கெட் அளவு குடுக்க வரும்போதெல்லாம் எங்கிட்டச் சொல்லுவாவ."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை. பூரணத்துக்கு என்று நினைத்துத்தான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொன்னது என் வாய், அளவு மட்டும் வடிவுடையது. முப்பத்திரண்டு வருஷம் அளந்தவன்.

"வீடு ரொம்ப நல்லா இருக்கு. பொய் சொல்லல. ஆனா இது அக்கா வீடு. நான் வந்தா, அவங்க இல்லாத நேரம் பாத்து உள்ள வந்த மாதிரில்லா இருக்கும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அழுதேன். யார் பார்த்தால் என்ன? வடிவை நினைத்து அழுதேனா, பூரணத்தை நினைத்து அழுதேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ராம்கேஷ் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

ஆகஸ்ட் 11

வீட்டுப் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 12

சாப்பாடு இறங்கவில்லை. கொம்பையா ஆசாரி போன் செய்து தாழ்ப்பாளைப் பற்றி ஏதோ கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 13

சுபாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பூரணத்திடம் கேட்டது முதல் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனது வரை.

"நெல வச்ச அன்னைக்கு நீ அவங்களப் பாத்த பார்வையிலயே எனக்குத் தெரியும்ப்பா" என்றாள். "மணல்கிட்ட நின்னாங்கல்ல, நாந்தான் காப்பி கொண்டுபோய்க் குடுத்தேன். உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன். விசேச நேரத்துல நான் வரப்படாதும்மான்னு சொல்லிட்டாங்க. நீ கூப்பிட்டியாப்பா?"

நான் கூப்பிடவில்லை. வெயில் என்று இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

"ஒனக்குக் கோவம் இல்லையா தாயி?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. ரெண்டு நாள் இருந்துச்சு. பெறகு நீ அங்க தனியா ரசஞ்சோறு தின்னுட்டுக் கெடக்கத நெனச்சேன், போயிருச்சு." பிறகு, "அம்மா கேட்டத அம்மா இருக்கும்போதே கட்டியிருக்கலாம்லப்பா" என்றாள். அது சாட்டையடி. வாங்கிக்கொண்டேன், எனக்கு வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 14

வீட்டுக்குப் போனேன். ராம்கேஷ் சமையலறையில் மேல்தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பு எம்பேர்லயும் இருக்கு அண்ணாச்சி. ஆள் நிக்காம அளவு எடுத்தேன்லா" என்றார். "ஒண்ணும் பயப்படாதீங்க. ஸ்குரூதான் போட்டிருக்கேன், பசை போடல. அரை நாள்ல கழத்தி எறக்கிரலாம். அளவ மட்டும் கேட்டு வாங்கிட்டு வாங்க."

"அளவு கேக்குத நெலமையிலயா இருக்கு?"

"கேக்காம இருந்துதான இம்புட்டும் ஆச்சு" என்றார். எங்கோ கோரக்பூரில் பிறந்தவர் வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தோணிக்கும் போன் போட்டேன். மேடையை உடைத்துத் தணித்துப் போட வேண்டும் என்றேன். "நான் அடிச்ச பலகைதான் நிக்காதுன்னு நெனச்சேன், மேடையும் நிக்கலியா சார்?" என்று சிரித்தார். அளவு சொன்னால் மறுநாளே வருகிறேன் என்றார்.

ஆகஸ்ட் 16

நேற்று கடை விடுமுறை. இன்று காலை போனேன். பிய்ந்த பட்டன் எதுவும் கொண்டுபோகவில்லை.

பூரணம் மிஷினை நிறுத்தவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு பாவாடை ஓரம் அடித்து முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"நான் ஒன்னைக் கேக்காமலே கட்டிட்டேன். வடிவ மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன், சொன்னா அது பொய். ஆனா அந்த அடுப்படியில நீ நிக்கணும்னுதான் நெனச்சேன். ஒன் அளவு எனக்குத் தெரியல. அதக் கேட்டு வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன். வர மாட்டேன்னு சொன்னாலும் சரி, அளவக் குடு. மேடைய ஒடைச்சு ஒன் ஒசரத்துக்குத்தான் போடப்போறேன்."

மிஷின் நின்றது.

"ஒடைச்சுப் போட்டு, நான் வரலன்னா?"

"குனிஞ்சு நின்னு வெந்நி வச்சிக்கிடுதேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தின கை அப்படியே கண்ணுக்கும் போயிற்று.

மேஜை இழுப்பறையிலிருந்து அளவு நோட்டை எடுத்தாள். தடித்த நோட்டு, ஓரமெல்லாம் கறுத்திருந்தது. "இதுல ஊருல உள்ள அத்தன பொம்பளையும் இருக்கா. நான் மட்டும் கெடையாது. எனக்குப் பழைய ஜாக்கெட்ட வச்சித்தான் வெட்டிக்கிடுவேன். எம் மேல இதுவரைக்கும் யாரும் டேப்பு வச்சதில்ல" என்றாள்.

கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். பலகையிலிருந்து இறங்கி, சுவரோடு சேர்ந்து வெறுந்தரையில் நின்று, வலது கையை உயர்த்தினாள். "எடுங்க" என்றாள்.

தரையில் முட்டி போட்டு, குதிகால் ஓரத்தில் டேப்பின் நுனியை வைத்தேன். எழுந்து விரல் நுனி வரை பிடித்தேன். முதல் தடவை டேப் வழுக்கிவிட்டது. மறுபடி எடுத்தேன். ஆறு அடி அரை அங்குலம். பிறகு கையை மடக்கச் சொல்லி முழங்கை வரை எடுத்தேன். மூன்று அடி இரண்டு அங்குலம். மேடை அதற்கு அரை அடி தணிவாக இருக்க வேண்டும்.

"ஜன்னல் இருக்கட்டும்" என்றாள். "அக்காவுக்கு வெளிச்சம் பிடிக்கும். எனக்கும் ஊசி கோக்க வெளிச்சம் வேணும்லா. மணியும் கெடக்கட்டும்."

நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினாள், எழுதிக்கிடுங்க என்று. பூரணம் என்று மேலே எழுதி, அளவு இரண்டையும் எழுதினேன்.

"தெருவையும் போடணும். எல்லாருக்கும் போட்டிருக்கேன் பாருங்க. இல்லாட்டா எந்தப் பூரணம்னு எப்படித் தெரியும்?"

குளத்தடி என்று அவள் தம்பி வீட்டுத் தெருவை எழுத ஆரம்பித்தேன். அவள் என் கையின் மேல் கையை வைத்து நிறுத்தினாள்.

"அந்தத் தெரு இல்ல" என்றாள்.

எழுதினதை அடித்துவிட்டு, செவ்வந்தி நகர் இரண்டாம் தெரு என்று எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது.